இதர பொருள்கள்

பத்து மணிக் கூட்டம்.
பதினொன்றேகாலுக்கு ஐம்பத்து மூன்று கையெழுத்து.
பூண்டு ஊன்றுகிற வாரம், போதாததற்கு மேல்மலைப் பனி.
மீதிப் பேர் வழியில் வந்துகொண்டிருப்பதாகத் தலைவர் சொன்னார்.
வழியே தெரியவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை.
குறைவெண் வரம்பு என்றொரு விதி இருக்கிறது.
அது சமவெளியில் எழுதியது.

நான் ஊராட்சி செயலர். என் வேலை
பேசுவதைக் கேட்பதும்
அதில் எழுதக்கூடியதை எழுதுவதும்.

பொருள் ஒன்று, வரவு செலவு. வாசித்தேன்.
பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு பதினாறு, கொசு மருந்து.
'இந்தக் குளிர்ல கொசு எங்கம்மா இருக்கு?
ஒண்ணைப் பிடிச்சுக் காட்டு' என்றார் நாச்சிமுத்து.
சிரிப்பு. எழுதவில்லை.

பொருள் இரண்டு,
ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் விட்டுப்போகும் பாட்டில்கள்.
ஓடையில் கிடந்த ஒன்றைச் சாட்சிக்குக் கொண்டுவந்து
மேசைமேல் வைத்தாள் ஏழாவது படிக்கிற பெண்.
உள்ளே பாதித் தண்ணீர், ஒரு தலைப்பிரட்டை.
கூட்டம் முடியும்வரை அதுவும் கலந்துகொண்டது.

பொருள் மூன்று, மயானப் பாதை.
சவரியம்மாள் எழுந்தார்.
'சறுக்குல கைப்பிடி போடுங்க.
தூக்குற நாலு பேரும் நடுங்குறாங்க,
படுத்திருக்கிறவருதான் பயமில்லாம வர்றாரு.'
கைப்பிடிக்கு மதிப்பீடு தயாரிக்க, என்று எழுதினேன்.
மற்றது என்னோடு.

பிறகு தண்ணீர்.
தண்ணீர் எந்தப் பொருள் எண்ணிலும் நிற்காது.
மூன்றாம் வார்டு மொத்தமும் எழுந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமை எங்கள் முறை,
ஆறு மணிக்கு வரவேண்டியது எட்டரைக்கு வருகிறது,
ஸ்கூல் வேனே போய்விடுகிறது,
ஆபரேட்டர் தூங்குகிறான்,
ரிசார்ட்டுக்குத் திறந்துவிடுகிறான்,
அவன் மச்சான் ஒன்றாம் வார்டு.
முப்பது நிமிடம்.

காலையில் பெஞ்சுகளைத் தூக்கிப் போட்ட குழந்தைவேலு
ஈர ஸ்வெட்டரோடு கதவோரம் நின்றான்.
அவனுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
அதைச் சொல்லப்போகிறான் என்று பேனாவை இறுக்கிப் பிடித்தேன்.

'அந்த வால்வு சோலை ஓரம்ல,' என்றான்.
'போன வருசம் தகரக் கூரை போட்டமே,
அதுக்குக் கீழ காட்டுமாடு படுத்திருக்கு.
கன்னு போட்டிருக்கு.
அதுவா எந்திரிக்கிற வரைக்கும் நிக்கிறேன்.'

கூரை பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.
பில் போட்டது நான்தான்.

'செவ்வாய் மட்டும்தான் வந்து படுக்குதாக்கும்?'
'தெனமும்தான். மத்த நாள் எனக்கு அந்த வால்வுல வேலை இல்ல.'

யாரும் பேசவில்லை.
பிறகு நாச்சிமுத்து, மெதுவாக,
'கன்னு எம்மாம் பெருசு?'
குழந்தைவேலு இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான்.
'செவலையாத்தான் இருக்கு இன்னும்.'
'காலுல வெள்ளை வந்திருச்சா?'
'சரியா வரல.'

வனத்துறைக்குச் சொல்லலாம் என்றது ஒரு குரல்.
'சொன்னா வெடி போடுவாங்க,' என்றாள் ஜெயசெல்வி,
மூன்றாம் வார்டிலேயே அதிகம் கத்தியவள்.
'திங்கக்கெழமை ரெண்டு குடம் சேத்துப் பிடிச்சு வச்சுக்குறேன். போங்க.'

மூன்றாம் வார்டுக்குச் செவ்வாய்க்கிழமைகளில், என்று எழுதி
அங்கேயே நின்றேன்.
காட்டுமாடு என்று எழுதினால் கொடைக்கானலிலிருந்து போன் வரும்.
நிர்வாகக் காரணங்களால், என்று எழுதி அடித்தேன்.
தொழில்நுட்பக் காரணங்களால். அதையும் அடித்தேன்.
தீர்மானப் புத்தகத்தில் அடித்தல் கூடாது.
கடைசியில்,
'வால்வு அறை தற்போது உபயோகத்தில் இருப்பதால்
குடிநீர் தாமதமாகும்.'
வாசித்தேன். ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த வரியில், யாரும் கேட்காமலே,
ஆபரேட்டர் சம்பளம் மூன்று மாத நிலுவை
உடனே வழங்க, என்று சேர்த்தேன்.
அதை வாசிக்கும்போது அவன் பெஞ்சுகளை
அடுக்க ஆரம்பித்திருந்தான், பெரிய சத்தத்தோடு.

ஒன்றரை மணிக்குக் கையெழுத்து எண்பத்தேழு.
அந்தப் பெண் தலைப்பிரட்டையை ஓடையில் விட்டுவிட்டுத்
திரும்பி வந்து
பாட்டிலை என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனாள்.
பொருள் இரண்டு
இன்னும் அங்கேதான் இருக்கிறது.